ஒரே லாக்டவுன், ரெண்டு கணக்கு: வடசென்னையை வைத்துப் பார்த்தால்

புதுசாக ஒரு வைரஸ் பெயர் செய்தியில் வந்தால் போதும், பழைய சண்டை கிளம்பிவிடும். 2025 ஜனவரியில் சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் எச்எம்பிவி என்ற சளி, காய்ச்சல் வைரஸ் என்று அறிவிப்பு வந்ததுமே "மறுபடியும் லாக்டவுனா?" என்று ஃபார்வர்டுகள் பறந்தன, கூடவே கொரோனாவுக்காக 2020-ல் போட்ட லாக்டவுன் சரியா தப்பா என்ற வழக்கும். அன்று கட்டுப்பாடு போடாமல் விட்டிருந்தால் வடசென்னையின் பெரிய அரசு ஆஸ்பத்திரியான ஸ்டான்லி வாசலில் பிணம் குவிந்திருக்கும் என்று ஒரு தரப்பு. நோயால் போனதைவிடப் பட்டினியாலும் கடனாலும் போனதுதான் அதிகம் என்று இன்னொரு தரப்பு. ஆளுக்கொரு எண்ணைத் தூக்கி வீசுகிறார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று பதில் சொல்லாது.

இந்த மாதிரி உத்தரவுகளின் லாப நஷ்டத்தை எப்படித்தான் எடைபோடுவது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். வடசென்னையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சி மண்டலவாரித் தொற்றுப் பட்டியலில் பெரும்பாலான நாட்கள் ராயபுரம்தான் தலையில் நின்றது, தண்டையார்பேட்டையும் திரு.வி.க. நகரும் முன்வரிசையில் இருந்தன. நோயும் இங்கே அதிகம், வேலை போனதும் இங்கே அதிகம்.

முதலில் அடிப்படை

1. எதோடு ஒப்பிடுகிறோம்?

பெரும்பாலானவர்கள் 2020-ஐ 2019-ஓடு ஒப்பிடுகிறார்கள். 2019-ல் இங்கே வைரஸே இல்லை. ஒப்பிட வேண்டியது, வைரஸ் வந்தும் உத்தரவு வராத ஒரு 2020-ஓடு. அப்படி ஒரு வருஷம் நடக்கவில்லை என்பதால் அதை மதிப்பிட மட்டும்தான் முடியும். அதிலும் ஒரு சிக்கல்: உத்தரவே போடாவிட்டாலும் ஜனங்கள் பயந்துபோய் வீட்டில்தான் இருந்திருப்பார்கள். அமெரிக்காவில் ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் செல்போன் நடமாட்டத் தரவை வைத்துப் பார்த்தபோது, கடைகண்ணிக்குப் போவது 60 சதவீதம் குறைந்திருந்தது. அதில் சட்ட உத்தரவின் பங்கு 7 சதவீதப் புள்ளிகள்தான், மிச்சமெல்லாம் ஜனங்கள் தாங்களாகவே ஒதுங்கியது. ஆக, அந்த வருஷத்து நஷ்டம் முழுவதையும் லாக்டவுன் தலையில் கட்டுவது தப்பு. அதே போல, பிழைத்த உயிர்கள் அத்தனையையும் அதன் பேரில் வரவு வைப்பதும் தப்பு.

ஆனால் இந்த அமெரிக்கக் கணக்கை அப்படியே வியாசர்பாடிக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. தானாக ஒதுங்குவதற்கு வசதி வேண்டும். அண்ணா நகரில் லேப்டாப்போடு உட்கார்ந்தவர் உத்தரவு இல்லாவிட்டாலும் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பார், சம்பளமும் வந்திருக்கும். காசிமேட்டில் கூடை தூக்குகிறவர் உத்தரவு இல்லாவிட்டால் இருட்டு விலகுவதற்கு முன்பே மீன்பிடித் துறைமுகத்தில் நின்றிருப்பார். உத்தரவு உண்மையிலேயே கட்டிப்போட்டது யாரை என்று பார்த்தால், இவரைத்தான்.

2. மூட்டையைப் பிரிக்க வேண்டும்

லாக்டவுன் என்று ஒரே வார்த்தையில் சொல்வது ஒரே விஷயம் இல்லை. கடையடைப்பு, பஸ் ரயில் நிறுத்தம், இ-பாஸ், பள்ளி மூடல், தெருவுக்குத் தகரம், கடற்கரைக்குத் தடை, மாஸ்க் அபராதம், காய்ச்சல் முகாம் என்று எத்தனையோ தனித்தனி உத்தரவுகள். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஏற்கெனவே நடப்பில் இருப்பதற்கு மேல் இது எவ்வளவு தொற்றைக் குறைக்கும், யார் வயிற்றில் கை வைக்கும்?

3. உயிருக்கு விலை போடுவது

கேட்கவே சங்கடம், ஆனாலும் கொள்கை ஆய்வில் இது தவிர்க்க முடியாத படி. அமெரிக்க அரசுத் துறைகள் ஒரு 'புள்ளியியல் உயிர்' என்று வைத்து ஒரு கோடி டாலரை ஒட்டிய தொகையைப் பயன்படுத்துகின்றன. அது யாருடைய உயிருக்கும் போட்ட விலை கிடையாது. சாகும் அபாயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள ஜனங்கள் எவ்வளவு பணத்தை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து பெருக்கி எடுப்பது. வருமானம் குறைந்த ஊரில் இந்தத் தொகையும் தானாகக் குறையும். நம்மூர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கணக்கிடுவதும் இறந்தவரின் வருமானத்தை வைத்துத்தானே? அந்த வழியில் போனால் கொடுங்கையூர் ஏழையின் உயிரைவிடப் போட் கிளப் பணக்காரர் உயிர் விலை கூடியது என்று கணக்கு வந்து நிற்கும். அதனால் சிலர் ரூபாயை விட்டுவிட்டு ஆயுள் ஆண்டுகளில் எண்ணுகிறார்கள். அதில் வேறு தகராறு: 75 வயதுப் பாட்டியின் உயிர் 30 வயதுக்காரரின் உயிரில் ஒரு துண்டாகிவிடும். என் கருத்து, ஒரே எண்ணாக உருக்கிக் கடைசி வரியில் கூட்டல் கழித்தல் போடுகிற கணக்கை நம்ப வேண்டாம். உயிர் ஒரு பத்தி, வயிறு ஒரு பத்தி, படிப்பு ஒரு பத்தி என்று பிரித்து வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை.

4. யார் கட்டியது, யாருக்கு வரவு

மொத்தத்தில் லாபம் என்றே வந்தாலும், லாபம் ஒரு தெருவுக்கும் நஷ்டம் இன்னொரு தெருவுக்கும் போயிருக்கலாம். வடசென்னையில் இதுதான் விஷயமே.

பத்துக்குப் பத்து அறையில் 'வீட்டிலேயே இருங்கள்'

ஊரடங்கு வேலை செய்யும் விதம் எளிது. வைரஸ் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவ வேண்டும், வெளியே சந்திப்பதைக் குறைத்தால் தாவுவது குறையும். இதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: வெளியே கூட்டம், வீட்டுக்குள் இடைவெளி. கொருக்குப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் பல வீடுகளில் இது தலைகீழ். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள், கால் நீட்டினால் அடுத்தவர் தலை. கக்கூஸ் நாலு வீட்டுக்குப் பொது. தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவே ஓடும், இல்லையென்றால் அடிபம்பில் வரிசை. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வெளியே இருந்தால்தான் அந்த வீட்டில் மற்றவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், எல்லோரையும் இருபத்துநாலு மணி நேரமும் உள்ளேயே உட்கார வைத்தால், தெருவில் குறைந்த தொடர்பு வீட்டுக்குள் கூடத்தான் செய்யும்.

இது வெறும் யூகம் இல்லை. 2020 ஜூலையில் சென்னை முழுவதும் ரத்த மாதிரி எடுத்து எதிர்ப்பணு ஆய்வு நடந்தது. அதாவது, ஏற்கெனவே நோய் வந்துபோனதற்கான அடையாளம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. நகரச் சராசரி 21.5 சதவீதம். தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2 சதவீதம், ராயபுரத்தில் 34.4. மாதவரத்தில் 7 சதவீதத்தை ஒட்டி. மார்ச் 25-லிருந்து நாடு முழுக்க ஊரடங்கு, ஏப்ரல் கடைசியில் நாலு நாள் கடும் ஊரடங்கு, ஜூன் 19-லிருந்து மறுபடி ஒரு முழு முடக்கம். இத்தனைக்குப் பிறகும் தண்டையார்பேட்டையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வந்துபோயிருக்கிறது. அந்த ஜூலை முடிவில் சென்னையில் பதிவான தொற்று ஒரு லட்சத்தைச் சுற்றி. ரத்த ஆய்வுப்படி பார்த்தால் உண்மையில் வந்தவர்கள் 15 லட்சத்துக்கு மேல்.

இதிலிருந்து "லாக்டவுன் வேலையே செய்யவில்லை" என்று குதிக்கக் கூடாது. அது இல்லாமல் போயிருந்தால் அந்த 44, மே மாதமே 60 ஆகியிருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயமாகச் சொல்லலாம்: ஒரே உத்தரவு, ஒரே தேதி, ஒரே நகரம், பலன் மட்டும் மண்டலத்துக்கு மண்டலம் வேறு. வீட்டில் இடம் இருந்தவருக்குத் தடுப்பாக இருந்தது, இல்லாதவருக்கு அடைப்பாக இருந்தது.

தகரக் கதையும் இதில்தான் வரும். ஒரு வீட்டில் பாசிட்டிவ் என்றால் தெரு முனையில் தகரம் அடித்து, வீட்டுச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். நோக்கம் சரிதான். நடந்தது என்ன என்றால், தகரம் அடித்த தெருக்காரர் என்றால் வேலைக்கு எடுக்க மறுத்தார்கள், பக்கத்துத் தெருக் கடையில் சாமான் தர யோசித்தார்கள். அப்புறம் யார் தானாக டெஸ்டுக்குப் போவார்? காய்ச்சலை மறைத்து பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. தண்டனை மாதிரித் தெரிகிற கட்டுப்பாடு தன் பலனைத் தானே தின்றுவிடும்.

தள்ளிப்போட்டதால் கிடைத்தது

லாக்டவுனுக்கு எதிராக எழுதுகிறவர்கள் சாதாரணமாகத் தாண்டிப்போகிற இடம் இது. "எப்படியும் எல்லோருக்கும் வந்துவிட்டதே, அப்புறம் என்ன பிரயோஜனம்?" என்கிறார்கள். நோய் வருவது ஏப்ரலிலா ஜூலையிலா என்பதில் உயிர் வித்தியாசம் இருக்கிறது.

1. பரிசோதனை. 2020 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனைக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்தான் கதி. ஜூலையில் ஆய்வகங்கள் நூறைத் தொட்டுவிட்டன.

2. மருந்து. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு வேலை செய்கிறது என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு சொன்னது 2020 ஜூன் 16-ல். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. மே மாதம் ஐசியுவில் படுத்தவருக்கு இந்த விஷயம் தெரியாத காலம், ஜூலையில் படுத்தவருக்கு அது கிடைத்தது.

3. படுக்கை. ஒரே வாரத்தில் ஆயிரம் பேர் ஸ்டான்லிக்கு வருவதும், அதே ஆயிரம் பேர் ஆறு வாரத்தில் வருவதும் ஒன்றில்லை. ஆக்சிஜன் குழாய் இருக்கும் படுக்கைகளைத் தாண்டி வருகிற ஒவ்வொருவருக்கும் அபாயம் பல மடங்கு.

இந்த மூன்றும் தவணை வாங்கியதால் வந்த லாபம். தவணைக்கு வட்டி உண்டு, அந்த வட்டியை யார் கட்டினார்கள் என்பதுதான் அடுத்து.

நஷ்டப் பத்தி

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வேலையின்மை 49.8 சதவீதம் என்றது சிஎம்ஐஇ என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம். இரண்டு பேரில் ஒருவர். அந்த மாதம் அரசு கொடுத்தது ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும். ஒரு நாளைக்கு 500 ரூபாய், மாதத்தில் 25 நாள் வேலை என்று வைத்தால் போன வருமானம் 12,500. அதில் ஆயிரம் என்பது 8 சதவீதம். அரிசி வந்ததால் பட்டினி பெரிய அளவில் தடுக்கப்பட்டது, எல்லோருக்கும் ரேஷன் என்ற தமிழ்நாட்டு ஏற்பாடு அன்று சோறு போட்டது, அம்மா உணவகமும் கைகொடுத்தது, இதை மறுக்க முடியாது. ஆனால் வாடகையை அரிசியில் கட்ட முடியாது. கேஸ் சிலிண்டரையும்.

அதைவிடப் பெரிய விஷயம் கடன். ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு கொடுத்தது. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கியவருக்கு அது பொருந்தும். வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் ஓடுவது தண்டல், அதாவது தினவசூல் வட்டிக் கடன். பத்தாயிரம் எழுதினால் பிடித்தம் போக எட்டாயிரத்துச் சொச்சம் கையில் கொடுத்து, நூறு நாள் தினமும் நூறு வசூல் என்கிற மாதிரி. தண்டல்காரருக்கு ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போகாது. நாள் தவறினால் வட்டி ஏறும், அதை அடைக்க இன்னொரு தண்டல், அப்புறம் சேட்டுக் கடையில் தோடு. ஊரடங்கு எடுத்த பிறகும் இந்த நஷ்டம் ஓடிக்கொண்டே இருந்தது, எந்த அறிக்கையிலும் இது லாக்டவுன் செலவு என்று ஏறவில்லை.

போக்குவரத்தும் அப்படியே. மார்ச்சில் நின்ற மாநகரப் பேருந்து செப்டம்பரில்தான் ஓடியது. புறநகர் ரயிலில் பொதுமக்கள் ஏற டிசம்பர் ஆகிவிட்டது. கார் இருப்பவருக்கு இ-பாஸ் ஒரு தொல்லை. கும்மிடிப்பூண்டி லைனை நம்பி எண்ணூர், திருவொற்றியூரிலிருந்து வேலைக்கு வருகிறவருக்கு அது வேலையே போன மாதிரி.

நோய்ப் பக்கத்திலேயே ஒரு நஷ்டம் இருக்கிறது. இந்தியாவில் 2019-ல் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம், 2020-ல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. நெருக்கமான வீடுகள் உள்ள பகுதிகளில் கண்டுபிடிக்காத ஒரு காசநோயாளி என்றால் அடுத்து அவர் வீட்டுப் பிள்ளைகள்.

எல்லாவற்றிலும் கனமானது பள்ளிக்கூடம் என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2020 மார்ச்சில் மூடியது 2021 நவம்பர் 1-ல் திறந்தது. பத்தொன்பது மாதம். டென்மார்க்கில் சின்னப் பிள்ளைகளுக்கு 2020 ஏப்ரல் நடுவிலேயே பள்ளியைத் திறந்துவிட்டார்கள். இங்கே கல்வித் தொலைக்காட்சி இருந்தது, 2021 அக்டோபரில் தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வி வந்தது, நல்ல முயற்சிகள்தான். ஆனாலும் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற அசர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் 10 சதவீதம், 2022-ல் 5-க்கும் கீழே. அது கிராமக் கணக்கு. மூன்று பிள்ளைக்கு ஒரு செல்போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிற வடசென்னை வீட்டில் நிலைமை பெரிதாக மாறியிருக்கும் என்று நினைக்கக் காரணம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நோயின் அபாயம் மிகக் குறைவு, அவர்கள் இழந்ததோ நாற்பது வருஷத்துக்குச் சம்பளத்தில் தெரியும்.

மலிவானது எது, வீணானது எது

மூட்டையைப் பிரித்தால் சில உத்தரவுகள் அப்பட்டமாகத் தெரியும்.

1. காய்ச்சல் முகாம், வீடு வீடாக விசாரிப்பு: செலவு குறைவு, யார் வேலையையும் பிடுங்கவில்லை, நோயைச் சீக்கிரம் பிடித்தது. ஜூன் முடக்கத்தையும் இதையும் சேர்த்தே நடத்தியதால் ஜூலையில் சென்னையில் தொற்று இறங்கியதற்கு எது காரணம் என்று பிரிக்க முடியவில்லை. நிறையப் பேருக்கு ஏற்கெனவே வந்துபோனது மூன்றாவது காரணம். ஆனால் செலவுப் பத்தியில் ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

2. மாஸ்க்: வங்கதேசக் கிராமங்களில் நடந்த பெரிய சோதனையில், மாஸ்க் போடுகிறவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் கூடியபோது அறிகுறியோடு வந்த தொற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அற்புதம் இல்லை, ஆனால் காசுக்கு மோசமும் இல்லை.

3. மெரினா: காற்று அடிக்கிற திறந்தவெளியை 2020 டிசம்பர் 14 வரை மூடி வைத்திருந்தார்கள். சென்னை டாஸ்மாக் ஆகஸ்ட் 18-லேயே திறந்துவிட்டது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

4. திடீர் அறிவிப்பு: ஏப்ரல் 26-லிருந்து நாலு நாள் முழு அடைப்பு என்றதும் 25-ந் தேதி கோயம்பேடு காய்கறிச் சந்தையிலும் தெருக்கடைகளிலும் ஜனம் நெரிந்தது. மே 5-ல் கோயம்பேடே மூடப்பட்டு, காய்கறி திருமழிசைக்குப் போனது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவு கூட்டத்தை ஒரே நாளில் திரட்டிக் கொடுத்தது.

2021-ல் அதே உத்தரவுக்கு வேறு மதிப்பு

2020 லாக்டவுனை ஏற்காதவர்கள் 2021 மே மாதத்தையும் சேர்த்தே திட்டுகிறார்கள். அது சரியில்லை. இரண்டாம் அலையில் மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 தொற்று. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுகள் வரிசை கட்டி நின்றன, உள்ளே படுக்கை காலியாக வேண்டும். அந்த நிலையில் தடுக்கப்படுகிற ஒவ்வொரு தொற்றும் ஆக்சிஜன் வரிசையில் ஒரு இடத்தைக் காலி செய்கிறது, தடுப்பூசியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆக, அதே மாதிரி ஒரு அடைப்பின் பலன் பல மடங்கு. நிவாரணமும் இந்தத் தடவை கார்டுக்கு 2,000 வீதம் ரெண்டு தவணையாக 4,000. போதுமா என்றால் போதாது, முன்னதைவிடப் பரவாயில்லை.

பலன் பத்தியைக் குறைத்து எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சாவுக் கணக்கே குறைவு. 2020 ஜூலையில் விட்டுப்போன 444 மரணங்களை ஒரே நாளில் அரசு சேர்த்தது. பிறகு, சென்னையின் இறப்புப் பதிவேடுகளை வைத்து லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை வழக்கத்தைவிட ஏறத்தாழ 26,000 சாவு கூடுதல் என்றது. அரசுக் கணக்கில் அப்போது எட்டாயிரத்தைச் சுற்றி. நோய் இவ்வளவுதான் கொன்றது என்று நினைத்தால், அதைத் தடுத்ததன் மதிப்பும் சின்னதாகத்தான் தெரியும்.

மீன்பிடித் தடைக்காலம் மாதிரி ஏன் இல்லை?

அரசே வருஷா வருஷம் ஒரு தொழிலை மூடுகிற ஏற்பாடு காசிமேட்டுக்குப் பழக்கம்தான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. (2020-ல் மட்டும் மே 31-ஓடு முடித்தார்கள், லாக்டவுனில் ஏற்கெனவே போனது போகட்டும் என்று.) யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் பெரிதாக யாரும் மீறுவதில்லை. தேதி முன்பே தெரியும், வலை பின்னவும் படகுக்கு மராமத்து பார்க்கவும் அந்த நாட்களை ஒதுக்குகிறார்கள், அப்போது குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மீன் பெருகினால் அதைப் பிடிக்கப் போவதும் அதே ஆட்கள். கட்டுகிறவரும் வாங்குகிறவரும் ஒருவர்.

லாக்டவுனில் இது பிரிந்துபோனது. கட்டியவர் தினக்கூலி, பலன் ஊருக்கே. அதிலும் அதிகப் பலன், வீட்டில் தனி அறை இருந்த முதியவருக்கு. அப்படியென்றால் நிவாரணம் தர்மம் கிடையாது, அவர் ஊருக்காக இழந்ததற்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. இதைச் செலவுப் பத்தியில் எழுதுவதே தப்பு என்பேன். கையில் காசு இருந்தால்தான் அவர் வீட்டில் இருப்பார், அவர் இருந்தால்தான் உத்தரவுக்குப் பலன்.

அடுத்த தடவை ஏதாவது உத்தரவு வந்தால் கேட்க வேண்டியவை:

1. இது எந்தத் தேதி வரை, எந்த எண் இறங்கினால் எடுப்பார்கள்?

2. வீட்டில் இடம் இல்லாதவருக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்றால் அந்த மண்டலத்துக்கு மாற்று என்ன, கல்யாண மண்டபமா, பள்ளிக் கட்டடமா, அங்கே சாப்பாடு யார் தருவது?

3. நிவாரணம் எந்தப் பட்டியல்படி? மீனவர் என்று பதிவானவர் ஒரு பட்டியலில் இருக்கிறார், கட்டடத் தொழிலாளியும் ஆட்டோக்காரரும் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே இருக்கிறார்கள். ஐஸ் உடைக்கிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா, இவர்கள் பெயர் பெரும்பாலும் எதிலும் இல்லை. பட்டியலை நோய் வராத நாளில்தான் எழுத முடியும். 2020 ஏப்ரலில் நல வாரியத்தில் பதியலாம் என்று யாராவது நினைத்திருந்தாலும், அந்த அலுவலகத்துக்குப் போக பஸ் கிடையாது.